பதினாறு மணி நேரமும் மீதி நேரமும்

போன வாரம் ஓர் உதவிப் பேராசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. வயது முப்பத்தாறு. தனியார் கலை அறிவியல் கல்லூரியில், வணிகவியல் துறையில் பதினோரு ஆண்டு சர்வீஸ். வாரத்துக்கு 22 மணி நேர வகுப்பு. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு டியூட்டர். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வரப்போவதால் ஒரு கிரைட்டீரியன் முழுதும் இவர் தலையில். கோடை விடுமுறையில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி அட்மிஷன் கேன்வாஸ். இரவு பத்து மணிக்குத் துறை வாட்ஸ்அப் குழுவில் ‘நாளைக் காலை 9க்குள் வேண்டும்’ என்று செய்தி. வீட்டில் ஏழு வயதுப் பையன், சர்க்கரை நோயுள்ள மாமியார். இந்தப் பருவத்தில் மாணவர்கள் தந்த மதிப்பீடு 5க்கு 4.3 என்பதிலிருந்து 3.6க்கு இறங்கிவிட்டது. ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு, “உங்க பர்ஃபார்மன்ஸ் குறைஞ்சிடுச்சு மேடம்” என்று சொல்லி எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “எனக்குப் பாடம் நடத்துற திறமையே போயிடுச்சாம்மா?”

போகவில்லை. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இருந்தவள், அதில் ஒன்பது வருடம் துறைத்தலைவராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பதினோரு வருடம் நன்றாக நடத்திய ஒருவருக்கு ஒரே பருவத்தில் திறமை போகாது. திறமை வெளிப்படுவதற்கான நேரமும் தெம்பும்தான் போயிருக்கும். அவை எங்கே போயின என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. விளக்கக் கடிதம் அப்புறம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். முழுநேர ஆசிரியரின் பணி, ஆண்டுக்கு 30 வாரங்களில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த நாற்பதில் உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் 16 மணி நேரம். இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மீதி நேரம் படிக்க, பாடம் தயாரிக்க, ஆராய்ச்சி செய்ய, மாணவர்களோடு பேச, நிர்வாக வேலைகளைப் பார்க்க. இந்தக் கணக்கில் உங்கள் 22 மணி நேர வகுப்பே ஆறு மணி நேரம் கூடுதல். அந்த ஆறு மணி நேரமும் பாடம் தயாரிக்கும் நேரத்திலிருந்துதான் பிடுங்கப்பட்டிருக்கும். வேறு எங்கிருந்தும் எடுக்க வழியில்லை.

ஆகவே முதல் மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. வரும் திங்கட்கிழமை தொடங்கி இரண்டு வாரத்துக்கு, காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, அரை மணிக்கு ஒரு வரி எழுதுங்கள். ‘வகுப்பு’, ‘தயாரிப்பு’, ‘பேப்பர் திருத்தம்’, ‘ஃபைல்’, ‘ஆல்டரேஷன் வகுப்பு’, ‘மாணவரின் பெற்றோர் வந்தார்’, ‘இட்லிக்கு அரைத்தேன்’ என்று உள்ளது உள்ளபடி. அழகாக எழுத வேண்டாம், விட்டுப்போகாமல் எழுதினால் போதும். தேர்வுக் குழுப் பொறுப்பில் இருந்த ஒரு வருடம் நானும் இப்படி எழுதிப் பார்த்தேன். வகுப்புக்கு 15 மணி நேரம் போயிருந்தது. அந்த வகுப்புகளுக்கான தயாரிப்புக்கு நான்கு மணி நேரம்கூடப் போகவில்லை. பட்டியல், நகல், கையெழுத்து, திரும்ப நகல் என்று எழுத்தர் வேலைக்குப் பத்தொன்பது மணி நேரம். ‘எனக்கு மறதி வந்துவிட்டது, பாடத்தில் பிடிப்பில்லை’ என்று அதுவரை அழுதுகொண்டிருந்தவள், அந்தத் தாளைப் பார்த்த அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். குற்றம் என் மூளையில் இல்லை என்று தெரிந்ததே பாதிச் சிகிச்சை.

வேலை அதிகமாக இருப்பதால்தான் ஆள் நொடிந்து போகிறார் என்று நாம் நினைக்கிறோம். முழு உண்மை அதுவல்ல. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலை எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வேலையை எப்போது எப்படிச் செய்வது என்பதில் செய்பவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். சுமை கூடி, பிடி குறைந்த இடத்தில்தான் உடம்பும் மனமும் கெடுகின்றன. லண்டனில் அரசு ஊழியர்களிடம் நடந்த ஒய்ட்ஹால் ஆய்வு, வேலையில் பிடி குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது.

இதை நம் ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பாருங்கள். இருவருக்குமே 18 மணி நேர வகுப்பு. ஒருவருக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று ஏப்ரலிலேயே கேட்டுவிட்டார்கள். கல்லூரி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே டைம் டேபிள் கையில் இருக்கிறது. இன்னொருவருக்குக் கல்லூரி திறந்த அன்று வராந்தாவில், “காஸ்ட் அக்கவுன்டிங் நீங்க எடுத்துக்கோங்க மேடம், அவர் ரிசைன் பண்ணிட்டாரு” என்கிறார்கள். வகுப்பின் எண்ணிக்கை ஒன்றுதான். டிசம்பரில் வாடி நிற்பவர் இரண்டாமவர். எனவே நீங்கள் மீட்கவேண்டியது முதலில் அந்தப் பிடியை. சுமை குறைவது அதற்குப் பிறகு வரும்.

அதில் ஒரு பெரிய பங்கு உங்கள் துறைத்தலைவர் கையில் இருக்கிறது. உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 1939இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பத்து வயதுப் பையன்களின் குழுக்களை மூன்று விதத் தலைமையின் கீழ் வைத்துப் பார்த்தது. எல்லாவற்றையும் தானே தீர்மானித்து ஏவுபவர், கலந்து பேசி முடிவெடுப்பவர், கண்டுகொள்ளாமல் விடுபவர். ஏவுபவர் அறையில் இருந்தவரை வேலை நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசியவர் வெளியே போன பிறகும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நம் கல்லூரிகளில் இந்த மூவரையும் பார்த்திருக்கிறேன். பயோமெட்ரிக்கையும் மெமோவையும் வைத்து நடத்தும் துறையில் 9.00 மணிக்கு எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள், ஆனால் யாரும் ஒரு புதிய கேள்வியோடு வகுப்புக்குள் நுழைய மாட்டார்கள்.

மூன்றாமவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். திட்டமாட்டார், கத்தமாட்டார். “நீங்களே பேசி முடிச்சுக்கோங்க” என்பார். தங்கமான மனிதர் என்று பெயர் வாங்கியிருப்பார். ஆனால் வேலையைப் பங்கிட ஆளில்லாத இடத்தில் அது மறுக்கத் தெரியாதவர்களிடம்தான் போய்ச் சேரும். நம் ஊரில் அது பெரும்பாலும் பெண், அதிலும் சர்வீஸில் இளையவர். விருந்தினர் வந்தால் வரவேற்பது யார்? குத்துவிளக்குக்குப் பூ வைப்பது, வாசலில் கோலம் போடுவது, பூங்கொத்து வாங்கி வருவது, நிகழ்ச்சி தொகுத்து வழங்குவது, மதியச் சாப்பாட்டு ஏற்பாடு, அழுதுகொண்டு வரும் மாணவியை உட்காரவைத்து ஆறுதல் சொல்வது? எந்தத் துறையிலும் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பெண்களின் பெயர்தான் இருக்கும். கொள்முதல் குழு, தேர்வுக் குழு, நிதிக் குழு, பாடத்திட்டக் குழு என்றால் அங்கே பெரும்பாலும் ஆண்களின் பெயர். பதவி உயர்வுக் கோப்பில் பின்னதற்கு இடமுண்டு. பூங்கொத்துக்கு இல்லை. இந்தியக் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் 43 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்று 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏறக்குறைய பாதி பேராக இருந்தும் எந்த வேலை நமக்கு என்று மற்றவர்கள் முடிவு செய்யும்படி விட்டிருக்கிறோம். இனி துறைக் கூட்டத்தில் ஒன்று கேளுங்கள்: “வரவேற்புக் குழுவைச் சுழற்சி முறையில் வைப்போம் சார். இந்த முறை நான் தேர்வுக் குழுவில் இருக்கிறேன்.” கூட்டக் குறிப்பிலும் அது ஏற வேண்டும். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

உங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். கையில் இரண்டு வாரக் கணக்கு இல்லாமல் போகாதீர்கள். “ரொம்ப டென்ஷனா இருக்கு சார்” என்று தொடங்கினால், “எல்லாருக்கும்தான் இருக்கு” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். தாளை மேசையில் வைத்து, “இந்த இரண்டு வாரத்துல ஃபைலுக்கு இத்தனை மணி நேரம் போயிருக்கு, வகுப்புத் தயாரிப்புக்கு இவ்வளவுதான் மிஞ்சியிருக்கு. மதிப்பீடு குறைஞ்சதுக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன். டியூட்டர் வேலை, ‘நாக்’ ஃபைல், அட்மிஷன், இந்த மூணுல எதை வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க சார்” என்று கேளுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும், எதை விடுவது என்ற கேள்வியை அவரிடமே வையுங்கள். பேசி முடித்த அன்றே, “இன்று பேசியபடி” என்று தொடங்கி நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். விளக்கக் கடிதத்துக்கும் இந்தக் கணக்குத்தான் பதில். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் வேண்டாம்.

வராந்தாவில் நிறுத்திப் புதுவேலை கொடுப்பவர்களுக்கு உடனே சரி சொல்லிப் பழகிவிட்டீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். “டைரியைப் பார்த்துட்டு மதியம் சொல்றேன் சார்” என்ற ஒரு வாக்கியத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் பாதி வேலை வேறு கைக்குப் போயிருக்கும். இரவுச் செய்திகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. எட்டரை மணிக்குக் குழுவின் ஒலியை அணைத்துவிடுங்கள். துறையில் நான்கு பேர் சேர்ந்து, அவசரமென்றால் போன் செய்யுங்கள், மற்றதைக் காலையில் பார்க்கிறோம் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். நான்கு பேராகச் சொன்னால் அது துறையின் வழக்கமாகிவிடும். ஒருவர் சொன்னால் திமிர் என்பார்கள்.

மாணவர் மதிப்பீட்டைப் பற்றி. 3.6 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கீழே எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘வேகமாகப் போகிறார்’, ‘கணக்கை முழுதும் போட்டுக் காட்டவில்லை’ என்றிருந்தால் அது உங்களுக்கு உதவும், ஏற்றுக்கொள்ளுங்கள். ‘கோபப்படுகிறார்’, ‘சிரிப்பதில்லை’ என்றிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் இணையவழி வகுப்பில் நடந்து 2015இல் வெளியான ஒரு சிறிய சோதனையில், ஆசிரியர் பெண் என்று நம்பிய மாணவர்கள், ஆண் என்று நம்பியவர்களைவிடக் குறைவான மதிப்பெண் போட்டார்கள். உண்மையில் நடத்தியவர் யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆண் ஆசிரியர் கண்டித்தால் கண்டிப்பானவர், நாம் கண்டித்தால் எரிந்து விழுபவர் என்பது நம் வகுப்பறைகளிலும் உள்ளதுதான். இதை ஹெச்.ஓ.டி.யிடம் வாதமாக வைக்க வேண்டாம். உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

வகுப்பைத் தூக்கி நிறுத்த ஒரே வழி தயாரிப்பு நேரம். வாரத்தில் இரண்டு ஓய்வு வேளையை டைம் டேபிளில் வகுப்பு போலவே எழுதி, ஸ்டாஃப் ரூமில் உட்காராமல் நூலகத்துக்குப் போய்விடுங்கள். ஒரே பாடத்தை மூன்று வருடமாவது தொடர்ந்து தரும்படி கேட்டு வாங்குங்கள். மூன்றாம் வருடத்தில்தான் ஒரு பாடம் நம் கைக்குள் வருகிறது. அசைன்மென்ட் ஐந்தை இரண்டாக்கி, இரண்டையும் ஒழுங்காகத் திருத்திக் கொடுங்கள். மற்ற நுணுக்கமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இனி வீடு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் கொடுப்பது 88 நிமிடம். உங்கள் நோட்டிலும் இதே கணக்கு வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கணவரிடம் உதவி கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையதாகவே இருக்கும், அவர் கை மட்டும் நீளும். ஒரு வேலையை அதற்கான கவலையோடு சேர்த்து முழுதாக மாற்றிக்கொடுங்கள். பையனின் பள்ளி என்றால் டைரி, வேன், ஃபீஸ், பெற்றோர் கூட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. மாமியாரின் மாத்திரை தீர்ந்ததா, பரிசோதனை எப்போது என்பதும் அவருடைய அம்மாவைப் பற்றியதுதானே. முதல் மாதம் தப்பும் தவறுமாக நடக்கும். இடையில் புகுந்து சரிசெய்யாமல் இருப்பது உங்களுக்குத்தான் கஷ்டம்.

உடம்பைக் கவனிக்க வேண்டும், இதில் நாம் மிகவும் அலட்சியம். தூக்கமில்லை, எரிச்சல், களைப்பு என்றால் எல்லாவற்றையும் மன அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். 12க்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை. அதை வைத்துக்கொண்டு ஒரு நாளில் ஐந்து வகுப்பு நின்றபடி எடுப்பது பெரும்பாடு. கழிப்பறை சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகளை எல்லாக் கல்லூரியிலும் பார்த்திருக்கிறேன். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆசிரியைகளுக்குப் பூட்டும் தண்ணீரும் உள்ள சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று எழுதிக் கேட்பதில் வெட்கமே இல்லை. அறுபது பேர் வகுப்பில் மைக் கேளுங்கள். தொண்டை கட்டுவது மூன்று வாரத்தைத் தாண்டினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வேலையால் வரும் முழுச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் நோய்கள் பற்றிய தன் பதினோராவது வகைப்பாட்டில் மூன்று அடையாளங்களோடு சொல்லியிருக்கிறது. தீராத களைப்பு. வேலையின் மேல் ஒரு கசப்பு, விலகல். எதைச் செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற எண்ணம். உங்கள் கடிதத்தில் மூன்றுமே கொஞ்சம் தென்பட்டன. விடுமுறையிலும் அவை விடவில்லையென்றால், அல்லது வாழ்வதே வேண்டாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தால்கூட, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை உடனே அழையுங்கள். கட்டணமில்லை, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மேலே சொன்ன ‘மதியம் சொல்றேன் சார்’ எல்லாம் நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு எளிது. தொகுப்பூதியத்திலும் கௌரவ விரிவுரையாளராகவும் இருப்பவர்களுக்கு அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை என்று யு.ஜி.சி. 2019இல் வகுத்தது. அதில் பாதிகூடப் பலருக்கும் வருவதில்லை. உழைப்புக்கும் கிடைப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியும் உடம்பைக் கெடுக்கும். அவர்களுக்குச் சொல்கிறேன்: தனியாக மறுக்காதீர்கள், சேர்ந்து எழுதுங்கள். பணி ஆணையின் நகலை வீட்டில் வையுங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பைக் கொண்டுவந்தது. ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்தாலும் அந்தப் பலன் நின்றுவிடாது என்று ஓர் ஒப்பந்த மருத்துவரின் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இன்னொன்று. தலைவரின் சிடுசிடுப்பு வேறு, தகாத பேச்சும் தொடுதலும் வேறு. பின்னதை ‘ஸ்ட்ரெஸ்’ என்று பெயரிட்டு விழுங்கக் கூடாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. பத்துப் பேருக்குக் குறையாத எந்த நிறுவனத்திலும் பெண் தலைமையில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இதைப் படிக்கும் துறைத்தலைவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். நான் தலைவராக இருந்தபோது துறையில் ஒரு பெண் இருந்தார். எதைக் கொடுத்தாலும் சொன்ன தேதிக்கு முன்பே முடித்துத் தருவார். அதனாலேயே எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்தேன். இழுக்கிற மாட்டின் கழுத்திலேயே மீண்டும் மீண்டும் நுகத்தடியை வைத்தேன். பாராட்டும் செய்தேன், அதுவே போதும் என்று நினைத்தேன். நாலாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றார். ஆறு மாதமாக அவர் தூங்கவே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. அவர் திரும்பி வரவில்லை. பிறகு துறையின் எல்லா வேலைகளையும், சின்னதுகூட விடாமல், யார் பெயருக்கு எதிரே எது என்று எழுதி ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டினேன். யார் மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. நான் பேசி மாற்ற வேண்டிய வேலையில் பாதியை அந்தத் தாள் செய்தது. அதோடு நான்கு வழக்கங்கள் வந்தன. டைம் டேபிள் இரண்டு வாரம் முன்பே கைக்கு வரும். கைக்குழந்தை உள்ளவருக்கு முதல் வேளை வகுப்பு கிடையாது. விடுப்பு எடுப்பவரே ஆள் தேடி அலைய வேண்டாம், ஆல்டரேஷனைத் துறை போடும். கண்டிக்க வேண்டியதைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வது, மாணவர் முன்போ அட்டெண்டர் முன்போ ஒருபோதும் சொல்வதில்லை. இவற்றுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரையிலான அடுத்த ஐந்து வருடத்தில் என் துறையிலிருந்து ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.

கடிதம் எழுதிய உங்களுக்கு: விளக்கம் கொடுக்க இரண்டு வார அவகாசம் கேட்டு இன்றே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். திங்கட்கிழமை நோட்டைத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். ஹெச்.ஓ.டி.க்குக் கொடுக்கவேண்டிய பதிலைச் சேர்ந்தே எழுதுவோம்.